அறுகும் கலப்புப் புல்லும்

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்திலே, நிந்தவூருக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே அமைந்துள்ளது ஒலுவில் என்னும் ஊர். தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே திறந்துவைக்கப்பெற்ற துறைமுகமும் அவ்வூரின் பெயரை நாடறியச் செய்தன. துறைமுகத்துக்கு முதுகு காட்டி மேற்கே நோக்கினால் தென்னந்தோட்டங்களும், அவற்றுக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வட்டைகளும் தோன்றும். அவ்வட்டைகளின் ஓரத்திலும் கடற்கரை மணலிலும் மாடுகள் புல் தேடித் திரிவதைக் காணாத நாளில்லை.

வைகாசி தொடக்கம் ஆவணி வரை இக்கரையிலே கச்சான் காற்று வீசும். மலைநாட்டிலே தன் மழையையெல்லாம் சொரிந்துவிட்டு வெறுங்கையோடு இறங்கி வரும் காற்று அது. அக்காற்றடிக்கும் மாதங்களில் வரம்பிலுள்ள புல்லும் கருகிவிடும். வாடைக்காற்றோடு மாரிமழை வந்த பின்னரே நிலம் மீண்டும் பசுமை கொள்ளும். ஆகவே மழைக்காலத்திலே புல் மிகுதி, கச்சான் காலத்திலே புற்பஞ்சம் என்பது இந்நிலத்தின் இயல்பு. இந்த இயல்பை அறிந்தே முன்னோர் தம் மாடுகளை வளர்த்தனர்.

அவர்கள் கைக்கொண்ட முறை எளிமையானது. மாரிமழையோடு பெரும்போக விதைப்புத் தொடங்கியதும், பட்டி பட்டியாக மாடுகளும் எருமைகளும் வயலை விட்டு மேற்கேயுள்ள காட்டோரப் புல்வெளிகளுக்குச் சாய்த்துச் செல்லப்படும். மாடு வயலில் இறங்கிப் பயிரைத் தின்னாதிருக்க இது வழி செய்தது. காட்டோரத்திலே மழைப்புல்லும் அவற்றுக்குக் கிடைத்தது. அறுவடை முடிந்தபின் பட்டிகள் வயலுக்குத் திரும்பும். எருமைகள் சூடு மிதிக்கும். பிற மாடுகள் தாளடியை மேய்ந்து, அடுத்த போகத்துக்கு எருவிட்டுச் செல்லும். போடியாரின் பட்டியை மேய்த்தவர் ஒரு சமூகத்தவராகவும், வயலை விதைத்தவர் மற்றொரு சமூகத்தவராகவும் இருந்த இடங்களும் பல. இந்த நடைமுறைக்கு எழுத்திலே சட்டம் இருந்ததிலும் பார்க்க, பருவத்திலே ஒழுங்கு இருந்தது என்பதே பொருந்தும்.

இவ்வொழுங்கைப் பெரிதும் மாற்றியது கல்லோயாத் திட்டமாகும். 1949ஆம் ஆண்டிலே கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இங்கினியாகலையிலே அமெரிக்க நிறுவனமொன்று அணை கட்ட, சேனாநாயக்க சமுத்திரம் என்னும் பெருங்குளம் உருவாயிற்று. கல்லோயாவின் நீர் பெற்ற வயல்களிலே இரண்டு போகமும் செய்கை பண்ணுதல் இயல்வதாயிற்று. நெல் விளைந்தது, பஞ்சம் தணிந்தது. அதே வேளையில் காட்டோரப் புல்வெளிகளிலே குடியேற்றக் கிராமங்கள் எழுந்தன. முன்னர் ஆறு மாதம் தாளடியாகக் கிடந்த வயலிலே இப்போது சிறுபோகப் பயிர் நின்றது. எருமை மிதித்த சூட்டை உழவு இயந்திரம் மிதிக்கலாயிற்று. மாடு காட்டிலும் அந்நியமாயிற்று, வயலிலும் அந்நியமாயிற்று. நீர்ப்பாசனத் திட்டத்தை வரைந்தவர்கள் நெல்லுக்கு எத்தனை அங்குல நீர் தேவையென்று கணக்கிட்டனர். மாடு எங்கே போகும் என்ற கணக்கு அத்திட்டத்திலே பிற்பட்டுப் போயிற்று.

பின்வந்த ஆண்டுகளிலே போர் காட்டோரப் பாதைகளை மூடியது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கரையோர ஊர்களை அழித்தது. மேய்ச்சற்றரை எது, நெற்காணி எது என்னும் வழக்கு வட்டமடு போன்ற இடங்களிலே பல்லாண்டு நீடித்தது. அயல் மாவட்டமாகிய மட்டக்களப்பிலே, மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகளுக்காகக் கால்நடைப் பண்ணையாளர்கள் 2023ஆம் ஆண்டு செப்டெம்பரிலே தொடர்போராட்டம் ஒன்றைத் தொடங்கினர். இவையெல்லாம் ஒரே வினாவின் பல வடிவங்கள். மாட்டைப் புல்லிடம் கொண்டுசெல்ல இயலாதபோது, புல்லை மாட்டிடம் கொண்டுவரலாமா? அந்த வினாவுக்கு விடையாகக் காட்டப்படுவதே கலப்புத் தீன்புல். அதன் வரலாற்றை அறிந்தால்தான் அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது விளங்கும்.

அவ்வரலாற்றைத் தமிழர் நன்கறிந்த ஒரு புல்லிலிருந்து தொடங்கலாம். ஒலுவிலுக்குத் தெற்கே, பொத்துவிலை அடுத்துள்ளது அறுகம்குடா. அதன் பெயரிலேயே அறுகு இருக்கிறது. மணமக்களை வாழ்த்துவோர் அறுகின் வேரை உவமையாகச் சொல்வதும் யாவரும் அறிந்ததே. மேலே வெயில் தீய்த்தாலும் கீழே கணுவிலே உயிரை வைத்துக்கொண்டு, முதல் மழைக்குத் தளிர்க்கும் புல் அது. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலே இதே அறுகு பருத்தி உழவர்களின் பகையாக இருந்தது. எவ்வளவு களைந்தாலும் போகாத களை என்று அவர்கள் அதனை வெறுத்தனர்.

யோர்ச்சியா மாநிலத்தின் டிப்டன் என்னும் சிற்றூரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்துக்கு 1936ஆம் ஆண்டிலே கிளென் பேர்ட்டன் என்னும் இளைஞர் வந்து சேர்ந்தார். களை என்று ஒதுக்கப்பட்ட அறுகிலே நல்ல தீனியைக் காண முடியும் என்று அவர் நம்பினார். பருத்தித் தோட்டமொன்றிலே கண்டெடுக்கப்பட்டிருந்த வீரியமுள்ள அறுகை, தென்னாபிரிக்காவிலிருந்து வந்த அறுகோடு கலந்தார். ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஒன்றே 1943ஆம் ஆண்டிலே வெளியிடப்பட்ட ‘கோஸ்டல்’ என்னும் கலப்பறுகு. அது நெடிது வளர்ந்தது, வரட்சியைத் தாங்கியது, இலேசான உறைபனிக்கும் ஈடுகொடுத்தது. ஆனால் முளைக்கத்தக்க விதையை அது தரவில்லை. கொடியைத் துண்டாக்கியே நடவேண்டியிருந்தது. பருத்தி உழவர்கள் அஞ்சியது விதைவழிப் பரவலை. ஆதலால் இந்தக் குறையே அவர்களுக்கு ஆறுதலாயிற்று.

கடுங்குளிருள்ள மாநிலங்களுக்குக் கோஸ்டல் போதவில்லை. மேலும் குளிர் தாங்கும் அறுகைத் தேடிய பேர்ட்டனுக்கு, ஜெர்மனியின் பேர்லின் நகரத்திலே பனிக்காலங்களைக் கடந்து உயிரோடிருந்த ஓர் அறுகு கிடைத்தது. அதனைக் கோஸ்டலோடு கலந்து பெற்ற புல் ‘டிப்டன் 44’ என்னும் பெயரோடு 1978ஆம் ஆண்டிலே வெளிவந்தது. வெப்பநாட்டுப் புல்லொன்று குளிர்நாட்டிலே எங்கோ ஒரு மூலையில் உயிர்பிழைத்துக் கிடப்பதைத் தேடிப் பிடித்து, அந்த உறுதியை மற்றொன்றிலே சேர்ப்பது. புற்கலப்பின் மறைபொருள் முழுவதும் இவ்வளவே.

வரட்சியும் குளிரும் இருவேறு துன்பங்களாகத் தோன்றினும், புல்லுக்கு அவை ஒருவகையில் உறவினவே. வரட்சியிலே நீர் மண்ணிலிருந்து கிடைப்பதில்லை. உறைபனியிலோ, நீர் பனிக்கட்டியாகி உயிரணுவிலிருந்து வெளியே இழுக்கப்படுகிறது. இரண்டிலும் உயிரணு வறண்டே மடிகிறது. எனவே நிலத்துக்குக் கீழே தடித்த தண்டும், ஆழமான வேரும், அவற்றிலே சேமித்த உணவும் உடைய புல்லே இரு துன்பத்தையும் கடந்து மீண்டும் தளிர்க்கும். கலப்பாளர்கள் தேடுவது பெரும்பாலும் மண்ணுக்கு மேலேயுள்ள இலையை அன்று. மண்ணுக்குள்ளே மறைந்திருக்கும் உறுதியையே.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். கோயம்புத்தூரிலே 1912ஆம் ஆண்டு கரும்பு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அங்கே சார்ள்ஸ் பார்பர் என்னும் ஆங்கிலேயரும், டி. எஸ். வெங்கட்ராமன் என்னும் தமிழரும் ஓர் அரிய செயலைச் செய்தனர். தென்னாட்டிலே விளைந்த பருத்த கரும்பு, குளிரும் வரட்சியும் மாறிமாறி வாட்டும் வடஇந்தியாவிலே நன்கு வளரவில்லை. ஆற்றங்கரைகளிலே யாரும் நடாமலே வளரும் நாணல் இனத்துக் காட்டுக்கரும்பையும் பயிர்க்கரும்பையும் கலந்து ‘கோ 205’ என்னும் கரும்பை அவர்கள் உருவாக்கினர். 1918ஆம் ஆண்டிலே பஞ்சாபு நிலத்துக்கு அது வழங்கப்பட்டது. கரும்பும் புல்லினமே. பயனற்றதென்று கருதப்பட்ட காட்டுப்புல்லின் உறுதியைப் பயிருக்கு ஏற்றுவது என்னும் வழியைக் கோயம்புத்தூர் உலகுக்குக் காட்டிற்று. அங்கு பிறந்த ‘கோ 775’ என்னும் கரும்பு பின்னர் இலங்கையின் கரும்புத் தோட்டங்களிலே பல்லாண்டு ஆட்சி செய்தது.

அதே கோயம்புத்தூரிலே தீன்புல்லிலும் இவ்வழி பின்பற்றப்பட்டது. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது யானைப்புல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, அன்று ரொடீசியா என வழங்கிய நாட்டின் புலவாயோ நகரத்தைச் சேர்ந்த கேர்ணல் நேப்பியர் என்பவர் அதன் பயனை வேளாண்மைத் திணைக்களத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அதனால் அது நேப்பியர் புல் எனப் பெயர் பெற்றது. ஒருமுறை நட்டாற் பல்லாண்டு நிற்பதும், மிகுந்த விளைவு தருவதும் அதன் சிறப்பு. தடித்த தண்டும், சுணையுள்ள கரடான இலையும் அதன் குறை. கம்போ இதற்கு எதிரானது. ஓராண்டுப் பயிராயினும் அதன் தண்டு மென்மையானது. வரண்ட நிலத்திலும் விளையும். இரண்டும் நெருங்கிய உறவினம். இவ்விரண்டையும் கலக்க முடியும் என்பதை, அறுகைக் கலந்த அதே பேர்ட்டன் 1944ஆம் ஆண்டிலே எழுதி வெளியிட்டார். கோயம்புத்தூரிலே கிருஷ்ணசுவாமி, இராமன் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் இக்கலப்பை நுணுகி ஆராய்ந்து, 1954ஆம் ஆண்டிலே அனைத்துலக ஆய்வேடொன்றிலே கட்டுரை வெளியிட்டனர்.

அக்கலப்பிலே ஒரு விந்தை உண்டு. கம்பின் உயிரணுவில் 14 நிறமூர்த்தங்கள், நேப்பியரில் 28. பிள்ளைக்குக் கம்பிலிருந்து 7ம், நேப்பியரிலிருந்து 14ம் ஆக 21 கிடைக்கின்றன. விதை உண்டாகவேண்டுமானால் நிறமூர்த்தங்கள் இணையிணையாகச் சேர்ந்து பிரியவேண்டும். 21 என்பது இணையாகப் பிரியாத எண். ஆதலால் கலப்புப்புல் பூத்தாலும் முளைக்கும் விதை தருவதில்லை. குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதை, இரண்டிலும் வலிமை மிக்கதாயிருந்தும் குட்டி ஈனாதது போன்றதே இது. மேற்கூறிய ஆராய்ச்சியாளர்கள் கொல்சிசீன் என்னும் மருந்தினால் நிறமூர்த்தங்களை இரட்டித்து, 42 உடைய புல்லையும் உண்டாக்கி ஆராய்ந்தனர். ஆயினும் உழவர் கைக்கு வந்தது விதையில்லாப் புல்லே. மூன்று கணுவுள்ள கரணையாக வெட்டி ஊன்றுவதே அதனைப் பெருக்கும் வழி. அதனால் அப்புல் கடைக்காரரின் பொதியிலே பயணஞ் செய்யவில்லை. ஒரு பண்ணையாளரின் கட்டிலிருந்து அடுத்தவரின் வரம்புக்கு, கைக்குக் கை மாறியே பரவியது.

இவ்வாறு விதையின்றிப் பரவும் புல் ஒருபுறமிருக்க, விதையை வேறு விதமாகத் தரும் புல்லும் உண்டு. கொங்கு நாட்டிலே காங்கேயம் மாடுகள் மேயும் கொரங்காடுகளிலே கொழுக்கட்டைப்புல் வளர்கிறது. கிளுவை முள்வேலிக்குள்ளே, வெள்வேல் மரங்களின் அடியிலே, நீர்ப்பாய்ச்சலின்றி மழையை மட்டும் நம்பி நிற்கும் புல் அது. அதன் விதைக்கரு கருக்கட்டலின்றியே தாயின் அச்சாக உருவாகிறது. எனவே அதனைக் கலப்பது நெடுநாள் இயலாதென்றே கருதப்பட்டது. டெக்சாசு மாநிலத்திலே பாஷோ என்னும் ஆராய்ச்சியாளர், இயல்பான முறையிலே சேர்க்கைக்கு உட்படும் செடியொன்றைக் கண்டறிந்தார். நிலத்தடித் தண்டுடைய தென்னாபிரிக்க வகையோடு அதனைக் கலந்து பெற்ற இரு புற்கள் 1977ஆம் ஆண்டிலே வெளியிடப்பட்டன. வரட்சியைத் தாங்கிவந்த கொழுக்கட்டைப்புல் அப்போது குளிரையும் தாங்கக் கற்றது. கலப்பாயினும் அவற்றின் விதை மாறாது முளைத்தது. ஆனால் இந்த வலிமைக்கும் ஒரு விலை உண்டு. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்திலே கொழுக்கட்டைப்புல் கட்டுக்கடங்காது பரவி, தீயை வளர்க்கும் களையாகிவிட்டது. நமது நாட்டிலும், தீனிக்கெனக் கொண்டுவரப்பட்ட கினிப்புல் தெருவோரமெங்கும் தானாகவே குடியேறியதைக் காணலாம்.

கலப்பு நேப்பியர் இலங்கைக்கும் வந்தது. முதலில் ‘என்.பி. 21’ என்னும் வகையும், 1990களின் இறுதியிலே கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ‘கோ 3’ என்னும் வகையும் வந்தன. அப்பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டிலே ‘கோ 4’, 2012ஆம் ஆண்டிலே ‘கோ 5’ என்பவற்றையும் வெளியிட்டது. பாற்றேவையிலே பெரும்பகுதியை இறக்குமதிப் பால்மாவினால் நிறைவு செய்யும் நாட்டிலே, இப்புல்லின் மீது நம்பிக்கை வைக்கப்பட்டதில் வியப்பில்லை.

அந்த நம்பிக்கையின் அளவைக் கணக்கினாலே காணலாம். கோ 3 புல், தமிழ்நாட்டு ஆராய்ச்சி நிலையங்களிலே ஆண்டொன்றுக்கு ஏழு அறுவடையில் ஹெக்டயர் ஒன்றுக்கு ஏறக்குறைய 350 தொன் பசுந்தீனி தந்தது. ஏக்கர்க் கணக்கிலே அது 140 தொன். நாளொன்றுக்கு 380 கிலோவுக்கு மேல். கறவைப்பசு ஒன்று நாளுக்கு 35 கிலோ தின்னுமென்று கொண்டால், ஓர் ஏக்கர் பத்துப் பசுக்களுக்குப் போதும். கால் ஏக்கர் இரண்டு பசுக்களுக்குத் தாராளமாகப் போதும். வீட்டு வளவிலே இரண்டு பசு வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது பெரும் பேறன்றோ! தெருவிலும் வரம்பிலும் புல் தேடி அலையும் வேலை நீங்கும், பால் கூடும், எரு வீட்டிலேயே சேரும். புரதம் நூற்றுக்கு ஏறக்குறைய பத்தளவே உள்ளமையாலும், அதிலுள்ள ஒட்சலேற்று என்னும் பொருள் கல்சியத்தைப் பிணித்துவிடும் ஆதலாலும், கிளிரிசீடியா, அகத்தி போன்ற தழைகளையும் சேர்த்துக் கொடுப்பது நன்று.

இனி அதே கணக்கை 200 மாடுள்ள பட்டிக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். நாளுக்கு 7,000 கிலோ புல். அதற்கு ஏறக்குறைய 18 ஏக்கர் நிலம். அதுவும் ஆண்டு முழுதும் நீரும், ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் எருவும் பெறும் நிலம். கம்பின் உறுதி இப்புல்லைக் கச்சான் காலத்திலே மடியாது காக்கும். ஆனால் நீரின்றி அது விளைவு தராது. உயிரோடிருத்தல் வேறு, விளைதல் வேறு. வாய்க்கால் அடைக்கப்படும் காலத்திலே அந்த 18 ஏக்கருக்கும் நீர் எங்கிருந்து வரும்? நீருள்ள நிலத்தை நெல்லிடமிருந்து யார் பெறுவர்? கரையோர மணலோ நீரைப் பிடித்து வைக்காது. வடஇந்தியாவிலே குளிர்காலத்தில் இதே புல் வளர்ச்சி நின்று உறங்கிவிடுகிறது. நுவரெலியாவின் உறைபனிக்கும் அது ஏற்றதன்று. ஒவ்வொரு கலப்பும் ஒரு நிலத்தின் குறைக்காகப் பிறந்தது. அந்நிலத்தை விட்டு வேறிடம் போகும்போது, புதிய நிலத்தின் கணக்கை மறுபடியும் போடவேண்டும்.

இந்த உண்மைக்குத் தொலைவிலே சான்று தேடவேண்டியதில்லை. ஒலுவில் துறைமுகமே சான்று. 2008ஆம் ஆண்டிலே டென்மார்க் நாட்டுக் கடனுதவியோடு அதன் வேலை தொடங்கிற்று. அக்கரையிலே மணல், நீரோட்டத்தோடு தெற்கிலிருந்து வடக்கே ஓயாது நகர்வது. அலைதடுப்புச் சுவர் அந்த நகர்ச்சியை மறித்தது. வரவேண்டிய மணல் வராமையால் வடக்கே கரை அரிக்கப்பட்டு, தென்னைகளும் காணிகளும் கடலுக்கு இரையாயின. மறிக்கப்பட்ட மணல் துறைமுக வாயிலை அடைக்க, மீன்பிடி வள்ளங்கள் உள்ளே வருவதும் வெளியே போவதும் அரிதாயின. மணலுக்கு ஒரு பாதை இருந்தது போலவே, மாட்டுக்கும் ஒரு பாதை இருந்தது. வயலிலிருந்து காட்டோரத்துக்கும், காட்டோரத்திலிருந்து வயலுக்கும் அது ஆண்டுதோறும் நகர்ந்தது. அணை கட்டியபோதும் அப்பாதை எண்ணப்படவில்லை. சுவர் கட்டியபோதும் மணலின் பாதை போதிய அளவு எண்ணப்படவில்லை.

ஆகவே கலப்புப்புல் வந்துவிட்டது, இனி மேய்ச்சற்றரை எதற்கு என்று கூறுவோர் வரலாற்றின் ஒரு பக்கத்தை மட்டுமே படித்தவராவர். வளவிலே நிற்கும் இரண்டு பசுவைக் கரணைப்புல் காப்பாற்றும். அந்தப் புல்லை ஒலுவிலிலும் பாலமுனையிலும் நிந்தவூரிலும் கிணற்றடியில் நடலாம். அயலவருக்குக் கரணை கொடுக்கலாம். பட்டியாக மேயும் மாடுகளுக்கோ, எல்லை வரையறுத்து, வயற்காரரும் பட்டிக்காரரும் ஒப்புக்கொண்ட மேய்ச்சற்றரையே வேண்டும். அங்கே மழையை மட்டும் நம்பி வாழும் எளிய புற்களே நிற்க வல்லன. இரண்டையும் ஒன்றோடொன்று மாற்றிக்கொள்ள முடியாது.

களையென்று வெறுக்கப்பட்ட அறுகிலிருந்து தீனி பிறந்தது. நாணலிலிருந்து கரும்புக்கு உறுதி கிடைத்தது. யாரும் மதியாத நிலத்திலே நின்ற புற்களே இவ்வளவையும் தந்தன. அம்பாறைக் கரையிலே கச்சானையும் உப்புக்காற்றையும் தாங்கி நிற்கும் புல்லிலும் நாளைய கலப்பாளனுக்கு வேண்டிய உறுதி இருக்கக்கூடும். எஞ்சியுள்ள மேய்ச்சல் நிலத்தைக் காத்தல் மாட்டுக்கு இன்றைய தீனியைத் தருவதோடு, புல்லுக்கு நாளைய விதையையும் காப்பதாகும்.